பார்லின் மனைவிக்கு விமானப் பயம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் பார்லினேதான். போன ஈஸ்டருக்கு மறுவாரம், மேடான் நகரில் எங்கள் வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கியபோது சொன்னார். விட்டுப்போனதை அவர் மனைவி ரொண்டாங் பிறகு சொன்னாள்.

பார்லின் நெடுந்தூர பஸ் ஓட்டியவர். சுமத்ரா மலைப்பாதையில் ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் வேர்க்கடலை. அப்படிப்பட்டவர், மேலே விமானம் போனால் கீழே குனிந்துகொள்வார். அது யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

மகள் லம்ரியாவுக்கு ஜகார்த்தாவில் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் பத்தாக் இன வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவர்கள் சேர்ந்து நின்று மருமகன் தோளில் உலோஸ் சால்வையைப் போர்த்த வேண்டும். அப்பா வராவிட்டால் சித்தப்பா போர்த்துவார். ஜகார்த்தாவிலிருந்த தம்பியோ, "முடியலேன்னா சொல்லுண்ணா, நான் இருக்கேன்" என்று தினமும் போன் பண்ணினான். பார்லினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

"லம்ரியா அப்பா, விமான டிக்கெட் எடுக்கச் சொல்லவா?" என்று கேட்டாள் ரொண்டாங்.

"பஸ்லயே போயிடலாமே."

"மூணு நாள் பஸ்ல உட்கார்ந்தா, கல்யாணத்துல நான் மடக்கின நாற்காலி மாதிரிதான் நிப்பேன். விமானத்துக்கு என்ன கேடு?"

"ஓட்டுறவன் கதவைச் சாத்திக்கிறான். உள்ள என்ன பண்றான்னு யாருக்குத் தெரியும்? என் பஸ்ல என் பிடரியை எல்லாரும் பார்க்கலாம்."

"அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வாந்தி எடுத்தாங்க."

"நடுவுல நின்னுபோச்சுன்னா எங்க ஓரங்கட்டுவான்? மேல காப்பிக் கடை இருக்கா?"

"பயமா இருக்கா உங்களுக்கு?"

"எனக்கா?" என்று மறுபடி வாசலுக்கு நடந்தார்.

நடந்ததில் ஒரு யோசனை பிறந்தது. அந்த வாரம் வீட்டு ஜெபக் கூட்டம் அவர்கள் வீட்டில். சபை மூப்பரும் மற்றவர்களும் கூடியதும் பார்லின் தொண்டையைச் செருமினார்.

"நம்ம ரொண்டாங்குக்கு விமானம்னாலே நடுக்கம். வெளிய சொல்ல வெட்கப்படுறா. அதான், அவளுக்காக நாங்க பஸ்லயே போறதுன்னு..."

காப்பித் தட்டோடு வந்த ரொண்டாங் அவரை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். தட்டை வைத்தாள். தோள்துணி முனையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆமா மூப்பரே. இனி மறைச்சு என்ன? நினைச்சாலே நெஞ்சு படபடங்குது."

"அப்ப ஜெபிச்சிருவோம்" என்றார் மூப்பர்.

எல்லாரும் உருகி உருகி ஜெபித்தார்கள். பார்லினும் கண்ணை மூடினார். மனதுக்குள் பஸ் ஹாரன் இனிமையாகக் கேட்டது. ஆமென் சொன்னதும் ரொண்டாங் எழுந்தாள்.

"இறங்கிடுச்சு. பயமெல்லாம் கால்வழியா இறங்கிடுச்சு. இவர் மட்டும் பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டா, நான் விமானத்துலயே வரேன்."

"பார்லின் பிடிச்சுக்க மாட்டாரா என்ன?" என்றார் மூப்பர். அதற்கும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

புறப்பட்ட நாளில், விமானம் தரையை விட்டு எழும்பியதும் ரொண்டாங் அவர் கையை இறுக்கினாள். "ஏங்க, அது என்ன சத்தம்?"

"சக்கரத்தை மடிக்கிறான்." குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, குலுங்குது."

"குழி."

"வானத்துல ஏதுங்க குழி?"

"காத்துல குழி. பள்ளம் வந்தா மெதுவா விடணும். விடுறான் பாரு. கைதேர்ந்தவன்."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்லக் கால் பிரேக்கிலிருந்து நழுவிவிட்டது. மேகத்தைப் பார்த்து, "இதுல முந்துறதுக்கு எவ்வளவு இடம்" என்றுகூடச் சொன்னார். யாருக்காக ஜெபித்தார்கள், தைரியம் யாருக்குக் கிடைத்தது என்பதெல்லாம் ஆண்டவர் பாடு.

ஜகார்த்தாவில் நெஞ்சை நிமிர்த்தி இறங்கினார். "நான் மட்டும் இல்லேன்னா நீ என்னாகியிருப்பே?"

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றாள் ரொண்டாங், பெட்டியைத் தேடிக்கொண்டே.

வெளியே மகள் காத்திருந்தாள். ஓடி வந்தவள் அம்மாவைத் தாண்டி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ரொம்பப் பயந்துட்டீங்களா?"

சால்வையை அவரேதான் ரொண்டாங்கோடு நின்று போர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவார். பார்த்தால் கல்யாணத்தைப் பற்றி மட்டும் விசாரியுங்கள்.