வைக்கோல் பெட்டிக் கஞ்சி

நாட்டின் விறகெல்லாம் பெண்களின் அடுப்பில்தான் வீணாகிறது என்று அரசாங்கம் நெடுநாள் யோசித்துக் கண்டுபிடித்தது. ஆகவே, தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த அந்த வருஷம், குன்னத்துகாலுக்குப் பக்கத்து ஊரில், ஆனந்தபாயின் அடுக்களைக்குள் சோமன் என்ற விறகுச் சிக்கன அதிகாரி ஒரு மரப்பெட்டியோடு நுழைந்தார். பெட்டி நிறைய வைக்கோல்.

“சேச்சி, இதுக்குப் பேரு உஷ்ண சம்ரட்சணப் பேழை.”

“வைக்கோலு மாட்டுக்கு ஆக்கும் சாறே.”

“இது கஞ்சிக்கு. ஒரு கொதி வந்ததும் பானையை மூடி இதுக்குள்ள இறக்கி, மேல தலையணையை வச்சு அமுக்கணும். பிறகு தீ வேண்டாம். உள்ள இருக்குத சூட்டிலயே வேகும்.”

ஆனந்தபாய் நம்பவில்லை. ஆனால் புருஷன் ராஜதாஸ் சர்க்கார் ஆபீசில் பியூன். சர்க்கார் வைக்கோல் தந்தால் வைக்கோலை வாங்கித்தானே ஆகவேண்டும்? மத்தியானம் பெட்டியைத் திறந்தவள் அசந்துபோனாள். சம்பா அரிசி பூவாக வெந்து ஆவி பறந்தது. விறகில் பாதி மிச்சம். சீக்கிரமே ஊரில் வைக்கோல் பெட்டி இல்லாத வீடு இல்லை என்றாகிவிட்டது. மாடுகள்தான் கொஞ்சம் இளைத்தன.

அப்போதுதான் போராட்டக் கமிட்டி பொன்னுதாஸ் தெருத்தெருவாக முழங்கினார். “தமிழ்நாட்டோட சேருத வரைக்கும் விடமாட்டோம்! வெள்ளிக்கிழமை ஊரு முழுக்கப் பட்டினிப் போராட்டம்! காலையில சர்ச் மணி அடிச்ச பிறகு தீ மூட்டுதவன் துரோகி ஆக்கும்!”

சர்க்கார் சும்மா இருக்குமா? அடுப்பெரியாத வீடு போராட்ட வீடு. அங்கே சர்க்கார் சம்பளக்காரன் இருந்தால் வேலை போகும் என்று உத்தரவு போட்டது.

ராஜதாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “எரிச்சா ஊரு தள்ளி வைக்கும். எரிக்கலேண்ணா வேலை போவும். என்னட்டி செய்ய?”

“நீங்க பேசாம இருங்க. நான் உண்டு.”

வெள்ளிக்கிழமை மணி அடிக்குமுன்பே எல்லா வீட்டுப் பானைகளும் ஒரு கொதி கண்டு வைக்கோலுக்குள் இறங்கிவிட்டன. உச்சிவெயிலில் பொன்னுதாஸ் வீடுவீடாகப் போய் அடுப்பில் கைவைத்துப் பார்த்தார். சாம்பல் ஆறிக் கிடந்தது. பட்டினியிலும் ஏப்பம் விடும் ஜனங்களைக் கண்டு அவருக்குக் கண் கலங்கியது.

ஆனந்தபாய் வீட்டுக்கு அவர் வந்தபோது அடுப்பெரியாத வீடுகளைக் குறிக்கும் நோட்டோடு சோமன் அங்கே முன்னாலேயே நின்றிருந்தார்.

“சேச்சி, அடுப்பு ஆறிக் கிடக்கே. இது போராட்டம்தானே?”

“ஆறினது உங்க பெட்டியால சாறே. போராட்டம்ணு எழுதினா, உங்க திட்டத்தால ஒரு அடுப்பும் ஆறலேண்ணு ஆவும்.”

சோமன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பொன்னுதாஸின் மூக்கு விடைத்தது.

“அக்கா, பெட்டிக்குள்ள என்ன?”

“கஞ்சி.”

“துரோகம்!”

“எலே மக்கா, மணி அடிச்ச பிறகு நான் தீ மூட்டினேனா? நீ தீயைத்தானே சொன்னே? வைக்கோலைச் சொல்லலையே!”

அவள் தலையணையை எடுத்தாள். கஞ்சி ஆவியும் பயற்று மணமும் அடுக்களையை நிறைத்தன. காலையிலிருந்து நடந்த கால்கள் இரண்டு பேருக்கும். வைக்கோல் பற்றிக் கமிட்டித் தீர்மானத்தில் ஒன்றுமில்லை என்று பொன்னுதாஸ் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். பரீட்சார்த்தமாக என்று சொல்லி சோமன் உட்கார்ந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார்கள்.

போராட்டமே நடக்கவில்லை, திட்டத்தின் வெற்றியால் தீயே தேவைப்படவில்லை என்று சோமன் மேலிடத்துக்கு எழுதினார். ராஜதாஸின் வேலை தப்பியது. மேலிடம் பூரித்தது. தீயில்லாமல் சமைக்கிற ஊருக்கு விறகு எதற்கு? ஊர் விறகு டிப்போவைக் காட்டாக்கடைக்கு மாற்றிவிட்டார்கள்.

டிப்போவைப் பூட்டிய அன்று சாயங்காலம் பொன்னுதாஸ் மேடையேறினார்.

“பட்டினியை இப்படிச் சிரிச்ச முகமாத் தாங்கின சனம் உலகத்திலயே கிடையாது! அதனால அடுத்த போராட்டம் ஒரு வாரம்!”

கூட்டம் முதலில் பூட்டிய டிப்போவின் திசையைப் பார்த்தது. பிறகு கைதட்டியது. ஆனந்தபாயும் கை வலிக்கத் தட்டினாள். தட்டாவிட்டால், வெள்ளிக்கிழமை கஞ்சி குடித்தவள் என்று தெரிந்துபோகுமே.