கைக்குப் பஞ்சர் ஒட்டிய கதை

மலையில் ஒட்டினால் விடாதவை இரண்டு. ஒன்று அட்டை. இன்னொன்று சொந்தக்காரர்கள். ஒட்ட வேண்டியது மட்டும் ஒட்டாது.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. படிப்பும் குறைவு. பள்ளிவாசல் என்கிற தேயிலைத் தோட்டத்து ஊரில் ஜீப் ஓட்டுகிறேன். இதை எழுதுவது கோபத்தில். நடந்ததை என் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருவர் சொல்வதிலும் என் பக்க நியாயம் இல்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போடுகிறேன். ஒரு நாள் காலையில் ஊசியைப் போட்டுவிட்டு, சாப்பிட மறந்து வண்டி எடுத்தேன். கொண்டை ஊசி வளைவில் சர்க்கரை இறங்கி, ரோடு இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் போகாமல் ஓரமாக நிறுத்திவிட்டேன். (இதற்கு யாரும் பாராட்டவில்லை.) பக்கத்து சீட்டில் என் மனைவி எஸ்தர் இருந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

எர்ணாகுளத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஷாலினி, விஷயம் தெரிந்த உடனே தீர்ப்பு சொன்னாள். கையில் சென்சார் ஒட்ட வேண்டும். அது வெள்ளையாக, வட்டமாக, கோட்டுப் பொத்தான் அளவில் இருக்கும். அடியில் முடி மாதிரி ஒரு நூல் தோலுக்குள் போய் நிற்கும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். என் போனுக்கு மட்டும் இல்லை, அவள் போனுக்கும். நாங்கள் அதைப் பட்டன் என்போம்.

தீர்ப்பின் மறுபாதியை எஸ்தர் சொன்னாள்.

"போன்ல நம்பர் தெரிஞ்சா சாவி உங்க கையில. தெரியலன்னா என் கையில."

ஒரு டிரைவரிடம் சொல்கிற பேச்சா இது? ஜீப் இல்லாவிட்டால் நான் யார்? எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிற ஆள். அவ்வளவுதான்.

பட்டன் இரண்டு வாரம் ஒட்டியிருக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. எந்த ஊரில் என்று போடவில்லை. தண்ணீரில் அதிகம் நனைக்க வேண்டாம் என்றும் போட்டிருந்தது. அதை எழுதினவர் மழைக்காலத்தில் பள்ளிவாசலுக்கு வந்து ஒரு நாள் நனையாமல் இருந்து காட்டட்டும். இங்கே துவைத்த துணியை அடுப்புக்கு மேலே கட்டித்தான் காயவைக்கிறோம். வீட்டுச் சுவரே வியர்க்கிறது. பட்டனுக்குள்ளே உயிர் இருக்கும், நம்பர் காட்டும். பசை மட்டும் செத்துப்போகும். ஓரம் எழும்பி, சட்டையில் மாட்டி, ஒரு நாள் துணியோடு வந்துவிடும். கயிறு அறுந்தது என்று நல்ல மாட்டையே தூக்கி எறிகிற வேலை இது. எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அக்கா தங்கம் ஆனைக்கரையில் இருக்கிறாள், ஏலக்காட்டில் வேலை. மகள் பெயர் ஷீபா. மாப்பிள்ளை போடிக்காரர். நிச்சயப் புடவையைத் தாய்மாமன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தாய்மாமன் நான். கொண்டுபோவது என்றால் ஓட்டிக்கொண்டு போவது. பின் சீட்டில் பார்சல் மாதிரி போய் இறங்குவது இல்லை.

முந்தின நாள் பட்டன் பாதி எழும்பிவிட்டது. மகள் அனுப்பிய புதுப் பெட்டி அடிமாலியில் நின்றது. அதற்கு மேலே மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. ஆனைக்கரைப் பக்கத்து ரோடு திறந்திருந்தது. நான் போக வழி உண்டு, பட்டன் வர வழி இல்லை.

ஷாலினிக்குப் போன் போட்டேன்.

"அப்பா, அது மேல ஒட்டுறதுக்குன்னே டேப் இருக்கு. மெடிக்கல்ல கேளுங்க. கண்டதையும் எடுத்து ஒட்டிறாதீங்க."

மருந்துக்கடையில் வெள்ளைப் பிளாஸ்திரிதான் இருந்தது. ஒட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் மழை அதை உரித்துக்கொண்டு போனது.

அப்போதுதான் ஜீப்பின் டூல் பாக்ஸ் கண்ணில் பட்டது. நனைந்தாலும் சுட்டாலும் கல்லில் உரசினாலும் விடாமல் ஒட்டுகிற பொருள் ஒன்று உலகத்தில் உண்டு. பஞ்சர் பேட்ச். அதைக் 'கண்டது' என்று யாரும் சொல்ல முடியாது. இந்த மலையில் எத்தனை உயிர் அதை நம்பித்தான் இறங்கி ஏறுகிறது.

எதைச் செய்தாலும் முறையாகச் செய்ய வேண்டும். டியூபில் ஒட்டுவதற்கு முன் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொரசொரப்பு வந்தால்தான் சொல்யூஷன் பசை பிடிக்கும். பட்டனைச் சுற்றி என் கையைத் தேய்த்தேன். சொரசொரப்பு வந்தது. கொஞ்சம் ரத்தமும் வந்தது. சொல்யூஷனைத் தடவி, ஊதிக் காயவிட்டு, கறுப்பு ரப்பரைப் பட்டனுக்கு மேலே வைத்து அமுக்கினேன். கடைசியாகச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவது வழக்கம். அதைச் செய்யவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. (இதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.)

காலையில் போனில் நம்பர் நன்றாக இருந்தது. எஸ்தர் கேட்டாள்.

"பட்டன் ஒட்டிருச்சா?"

"ம்."

"கழண்டுறாதே?"

"ம்ஹூம்."

இதில் ஒரு பொய் உண்டா? சாவி என் கைக்கு வந்தது.

மழையிலும் மூடுபனியிலும் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினேன். ஆனைக்கரையில் இறங்கும்போது பேட்சின் ஓரம் லேசாக எழும்பியது தெரிந்தது. பழைய டியூபில் ஒரு பட்டை கிழித்து அதன் மேல் இறுக்கிக் கட்டினேன். நன்றாக இறுக்கினேன். சட்டைக் கையை இறக்கிவிட்டு உள்ளே போனேன்.

அக்கா வீட்டு முன்னறையில் ஊரே இருந்தது. இரண்டு தடித்த ஆட்களுக்கு நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. சர்ச் உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினார். நீளமாக ஜெபிக்கிறவர். அவர் இரண்டு வீட்டாரின் முன்னோர்களை முடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் வரும்போது என் சட்டைப் பையில் போன் அலறியது. ஆம்புலன்ஸ் சத்தம். ஷாலினி வைத்துக் கொடுத்தது.

எஸ்தர் போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"சுகர் இறங்குது. அம்பத்தஞ்சு."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"அம்பத்தஞ்சுங்குது."

"நான் சொல்றேன்ல."

"அன்னைக்கு வளைவுலயும் இதத்தான் சொன்னீங்க."

என் உடம்பைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் யாரும் கேட்கவில்லை. போனிடம் கேட்டார்கள். முதலில் கேசரி வந்தது. பிறகு லட்டு. பிறகு சர்க்கரை அள்ளிப் போட்ட நாரங்கா வெள்ளம், அதாவது எலுமிச்சை ஜூஸ். போன் நாற்பத்தெட்டு என்றது. மறுபடியும் லட்டு. போன் நாற்பத்தொன்று என்றது. உபதேசியார் ஜெபத்தை நிறுத்தவில்லை. மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அக்கா கேசரித் தட்டோடு முன்னால் உட்கார்ந்தாள்.

"எலே, வாயத் திற."

"போதும்க்கா."

"போற உசிர நிறுத்தப் பாக்கேன், போதுமாம்ல. திற."

எர்ணாகுளத்தில் ஷாலினியின் போனும் அலறியிருக்கிறது. கூப்பிட்டாள். எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு வேர்க்குதா?"

"வேர்க்குது." (அந்த அறையில் உபதேசியாருக்கும் வேர்த்தது.)

"பேச்சு கொளறுதா?"

"பேசவே மாட்டேங்காரு."

"அவரு எப்பவும் பேச மாட்டாரேம்மா."

அன்று அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். ஆமாம் என்று சொல்லியிருப்பேன். வாயில் லட்டு இருந்தது.

எஸ்தர் என் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்தாள். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இதற்குள் அக்கா, காற்று படட்டும் என்று என் சட்டைக் கையைச் சுருட்டினாள். டியூப் பட்டையை அவிழ்த்தாள். கறுப்பாக, வழவழப்பாக, உப்பிப்போய், ஓரத்தில் ரத்தத்தோடு அது இருந்தது.

"ஆத்தி, அட்டை."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"எவ்வளவு பெருசு பாரு. இதுதான் ரத்தத்தக் குடிச்சு சுகர எறக்கிருக்கு."

ஒருவருக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. படித்தவர்களும் அங்கே இருந்தார்கள். உபதேசியார் தலையாட்டினார்.

நான் லட்டை விழுங்கிவிட்டு, "பட்டன்" என்றேன்.

"என்னலே?"

"பட்டன்க்கா. பட்டன்."

அக்கா என் சட்டைப் பட்டனை எல்லாம் கழற்றிவிட்டாள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஏலக்காட்டுக்குப் போகிறவர்கள் இடுப்பில் ஒரு துணி முடிச்சு வைத்திருப்பார்கள். உள்ளே உப்பும் புகையிலைத் தூளும். நனைத்து ஒற்றினால் எப்பேர்ப்பட்ட அட்டையும் விழுந்துவிடும். மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுக் கட்டியிருந்த அக்கா, அந்தப் பட்டுக்குள்ளும் அதைச் செருகியிருந்தாள். எடுத்தாள். நாரங்கா வெள்ளத்தில் முக்கினாள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்த இடத்தில், உப்பு, புகையிலை, எலுமிச்சை மூன்றையும் சேர்த்து ஒற்றினாள்.

நான் கத்தினேன். என் கல்யாணத்தில் சம்மதம் என்று சொன்னது பக்கத்தில் நின்ற எஸ்தருக்கே கேட்கவில்லை. இது ரோட்டில் போனவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

"விட மாட்டேங்குது, சனியன்" என்று அக்கா நகத்தைக் கொடுத்து இழுத்தாள். பேட்ச், பட்டன், என் தோலில் கொஞ்சம், எல்லாம் சேர்ந்து வந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த நூலை எல்லோருக்கும் காட்டினாள்.

"பாருங்க, வாயி. இத வச்சுத்தான் உறிஞ்சுது."

வாசலில் போட்டு அம்மிக் குழவியால் நசுக்கினாள்.

போனுக்குள்ளிருந்து ஷாலினியின் குரல் மட்டும் வந்தது.

"அம்மா, என்ன சத்தம் அது? நம்பர் நின்னுபோச்சு. அம்மா, அப்பா இருக்காரா?"

எஸ்தர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த நிமிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. போனை வாங்கினேன்.

"இருக்கேன். உங்க அத்தை பட்டனக் கொன்னுட்டா."

ஷாலினி அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு, என்ன ஒட்டினேன் என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஆசுபத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள். ஓட்ட நான் எழுந்தேன். எஸ்தர் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் மோதிரம்கூட இன்னும் போடவில்லை.

அங்கே நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். நானூற்றுச் சொச்சம். "சேட்டா, எந்தா கழிச்சது?" என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று அர்த்தம். நிச்சயதார்த்தத்தை என்றேன். மலையாளமும் தமிழும் கலந்து திட்டினார். பட்டனை இறுக்கி அமுக்கினால் நம்பர் பொய்யாக இறங்குமாம். சந்தேகம் வந்தால் முதலில் விரலில் குத்திப் பார்க்க வேண்டுமாம். ஆக, நான் சொன்னது உண்மை, போன் சொன்னது பொய். இதை எஸ்தரிடம் எடுத்துச் சொன்னேன். "அமுக்குனது யாரு?" என்றாள்.

மோதிரம் சாயங்காலம் மாற்றினார்கள். மறுநாள் எங்களைப் பள்ளிவாசலில் கொண்டுவிட்டதும் மாப்பிள்ளைதான். பேச்சுத் துணைக்கு என்று ஷீபாவை முன் சீட்டில் ஏற்றினார்கள். நான் பின்னால், பலகாரச் சட்டிக்கும் எஸ்தருக்கும் நடுவில். மாப்பிள்ளை சமவெளி ஆள். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, ஹாரன் அடித்து, ஷீபாவிடம் கேட்டுவிட்டுத் திருப்பினார். நடந்துபோன எருமை ஒன்று எங்களை முந்தியது.

"எவ்வளவு நெதானமா ஓட்டுறாரு" என்றாள் எஸ்தர். எனக்குக் கேட்கும்படி.

மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்தார்கள். புதுப் பெட்டி வந்தது. மேலே ஒட்டுகிற டேப்பும் வந்தது. எஸ்தரே ஒட்டிவிட்டாள், நம்பரைப் பார்த்தாள், சாவியைக் கொடுத்தாள். இப்போதும் ஓட்டுகிறேன். டூல் பாக்ஸை மட்டும் அவ்வப்போது திறந்து பார்க்கிறாள்.

ஷீபாவும் அவள் வீட்டுக்காரரும் அந்த வளைவுகளில்தான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்களாம். அட்டை சேர்த்து வைத்த ஜோடி என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பேச்சு வந்ததும் எனக்கு ஒரு பெயர் வைத்தாள். எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் சர்ச் வாசலில், என் ஜீப்பில் ஆள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறாள்.

"அட்டைத் தாத்தா."

ஏறினவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். நான் கியரைப் போடுகிறேன். இந்தப் பெயரும் எத்தனையோ மழையில் நனைந்துவிட்டது. ஓரம்கூட எழும்பவில்லை.