கையில் பியானோவோடு ஓடிய ஞாயிற்றுக்கிழமை

கழற்றத் தெரிந்தவனுக்கெல்லாம் திருப்பி மாட்டவும் தெரியும் என்று நினைப்பது ஒரு வியாதி. எனக்கு அது இருபத்தெட்டு வயதில் வந்தது. வந்த வேகத்தில் ஒரு லேப்டாப்பையும், பேசி முடிகிற நிலையில் இருந்த ஒரு சம்பந்தத்தையும், ஏழு பெரிய மனிதர்களையும் செருப்பில்லாமல் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. இப்போது வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, கடைக்காரர் கடை திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன். (அதுவரைக்கும் சட்னி கிடையாது. பரவாயில்ல.)

அப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து எட்டு என்று நினைக்கிறேன். தீபாவளி முடிந்தால் எங்கள் ஊரில் பட்டாசுக்காரர்கள் மூச்சு விடுவார்கள். எங்களுக்கு அப்போதுதான் மூச்சு முட்டும். ஜனவரிக்குள் எல்லா ஊர் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் காலண்டர் போயாக வேண்டும். ஒரே முருகன் படம், கீழே கடைப் பெயர் மட்டும் மாறும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதை மாற்றுவதுதான் என் வேலை. கண்ணை மூடினாலும் முருகன் தெரிவார், பக்தியால் இல்லை.

இப்படி அலுத்துப் போயிருந்த காலத்தில்தான், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் பியானோ கற்றுக்கொடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்தது. மதுரையில் பழையது வாங்கிய லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் போட்டால், லேப்டாப்பின் எழுத்துக் கட்டைகளே பியானோ கட்டைகளாகிவிடும். திரையில் வண்ணக் கட்டம் விழ விழ, கீழே அதற்குரிய எழுத்தைத் தட்ட வேண்டும். தப்பாகத் தட்டினால் ஒரு பூனை தலையை ஆட்டும். மூன்று மாதத்தில் நான் மூன்று பாடம் முடித்தேன். பூனைக்குக் கழுத்து சுளுக்கியிருக்கும்.

இதை ஒரு திறமை என்று ஊரில் சொன்ன ஒரே ஆள் என் அக்கா. அப்பா இல்லாத வீடு, எனக்குப் பெண் தேடும் பொறுப்பு முழுக்க அவளுடையது. சாத்தூர் பக்கம் ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் டீச்சர், நன்றாகப் பாடுவாள் என்று தரகர் சொன்னதும், “எந் தம்பியும் பியானோ வாசிப்பான்ல” என்று அக்கா எடுத்து விட்டாள். தரகர் அதைச் சாத்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, பையன் வீட்டில் பியானோவே இருக்கிறது என்று ஆகியிருந்தது.

பெண்ணை நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பெயர் மாரீஸ்வரி. காபி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், நான் முடிந்தேன். அதுவரை எவளாவது ஒருத்தியைக் கட்டி வைத்தால் சரி என்று இருந்தவன், அன்றிலிருந்து இவளை விட்டால் ஆளில்லை என்று ஆகிவிட்டேன். அடுத்தது அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி என்று நாள் குறித்தார்கள்.

பியானோ இருக்கும் வீட்டுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், நான்காம் பாடத்தையும் முடித்துவிடலாம் என்று ஒரு வாரம் வெறியோடு தட்டினேன். புதன்கிழமை நான்கு கட்டைகள் செத்துப்போயின. மதுரையில் கேட்டால், கீபோர்டையே மாற்ற வேண்டும், கொண்டுவந்து கொடுத்தால் பத்து நாளாகும் என்றார்கள். கீபோர்டை மட்டும் பார்சலில் அனுப்பச் சொன்னேன். “மாட்டத் தெரியுமா சார்?” என்று கடைக்காரர் கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

ஞாயிறு காலை அறுவை சிகிச்சை ஆரம்பமானது. அச்சகத்தில் வேலை பார்ப்பவனின் மூளை எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். கழற்றிய ஸ்க்ரூக்கள் மாறிப்போகக் கூடாது என்று ஒரு மாதக் காலண்டர் தாளை விரித்து, முதலில் கழற்றியதை ஒன்றாம் தேதிக் கட்டத்திலும், அடுத்ததை இரண்டாம் தேதியிலும் வைத்தேன். ஏழாம் தேதியோடு ஸ்க்ரூ முடிந்தது. காலண்டரின் தலையில் அடிக்கும் தகரப் பட்டையில் ஒரு துண்டை எடுத்து, பழைய கீபோர்டை நெம்பித் தூக்கினேன். அடியில் பட்டையாக ஒரு ஒயர், அதை உருவிவிட்டுப் புதியதைச் சொருகினேன். எல்லாம் அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அம்மா வீடு கூட்ட வந்தார். நல்ல காரியத்துக்கு ஆள் வரும் நாளில் நடுவீட்டில் பழைய காலண்டர் தாளா என்று, அதை மடக்கித் தூக்கினார்.

“அம்மா, அதுல ஸ்க்ரூ இருக்கு.”

“பழைய வருசத்துத் தாளுப்பா.”

தேடிப் பொறுக்கியதில் ஆறு கிடைத்தது. ஏழாவது கட்டிலுக்கடியில் எங்கோ ஓடிவிட்டது என்று முடிவு செய்தேன். கம்பெனிக்காரன் எப்போதும் ஒன்று கூடுதலாகத்தான் போடுவான் என்று அம்மாவுக்கு விளக்கமும் சொன்னேன். (திறந்து கிடந்த லேப்டாப்புக்குள் எட்டிப் பார்க்கணும்னு ஏன்தான் தோணலையோ.) ஆறையும் முறுக்கிப் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கட்டைகளும் சத்தம் கொடுத்தன. அக்கா திருஷ்டி கழித்தாள்.

சரியாக மூன்றரைக்கு வேன் வந்தது. ஒற்றைப்படையில் ஏழு பேர். பெண்ணின் அப்பா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அதிகம் பேசாத மனிதர். உள்ளே வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை, பீரோவைப் பார்க்கவில்லை.

“பின்வாசல் இல்லையா?” என்றார்.

வாஸ்து பார்க்கிறார் என்று அக்கா நினைத்துவிட்டாள். “இருக்கிற ஒரு வாசலும் கெழக்குத்தான், மாமா” என்றாள் பெருமையாக. அவர் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

கேசரியும் காராச்சேவும் வந்தன. பெண்ணின் தாய்மாமா ஒருவர் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பியானோ எங்கன வச்சிருக்கீக?” என்று கேட்டார். நான் லேப்டாப்பைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தேன்.

“இதுக்குள்ளதான் இருக்கு.”

“இதுக்குள்ளயா? அம்புட்டுப் பெருசு இதுக்குள்ளயா?”

பெண்ணின் அப்பா கேசரித் தட்டோடு முன்னால் சாய்ந்தார். நான் ஸ்பீக்கரை மாட்டி, முதல் பாடத்தை எடுத்து விட்டேன். ஐந்தாறு சுரம் நன்றாகவே வந்தது. அத்தை முறையில் இருந்த ஒரு அம்மாள் தலையைக்கூட ஆட்டினார். அப்புறம் ஒரு சுரம் வந்தது. வந்தது போகவில்லை. கையை எடுத்த பிறகும் ஒரே குரலில் கூவிக்கொண்டே இருந்தது. வேறு எந்தக் கட்டையைத் தட்டினாலும் கேட்கவில்லை. திரையில் பூனை தலையை ஆட்ட ஆரம்பித்தது.

அச்சகத்தில் பிரிண்டர் மக்கர் செய்தால் இரண்டு குலுக்கு குலுக்குவது எங்கள் பழக்கம். லேப்டாப்பைத் தூக்கி அதையே செய்தேன். கட்டிலுக்கடியில் இருக்கும் என்று நான் நம்பியிருந்த ஏழாவது ஸ்க்ரூ, உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டது. பட் என்று சின்னதாக ஒரு சத்தம். கட்டைகளுக்கு இடையிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது.

“வெளிய” என்றார் பெண்ணின் அப்பா.

கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் முடிவதற்குள் ஏழு பேரும் வாசலில் இருந்தார்கள். யாரும் அலறவில்லை, யாரும் செருப்பைத் தேடவில்லை, ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. அவர் போகிற போக்கில் என் அம்மாவைக் கையைப் பிடித்தும் அக்காவை முதுகில் தள்ளியும் கூட்டிக்கொண்டு போனார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிற அறைகளுக்கு நான்கு பக்கமும் வாசல் இருக்கும். புகை வந்தால் முதலில் ஓட்டம், அப்புறம்தான் கேள்வி. பின்வாசலை அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையில் இருந்ததை வைத்துவிட்டுச் சும்மா நின்றிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. விஷயத்தை விளக்கிச் சொன்னால் சம்பந்தம் பிழைக்கும் என்று நினைத்து, புகைகிற லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினேன்.

“மாமா, நில்லுங்க. ஒண்ணுமில்ல மாமா.”

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபத்து கால் முளைத்துப் பின்னால் வருவதைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினார்கள். ஸ்பீக்கர் ஒயர் பிய்ந்து விழுந்தது. அதனால் சத்தம் நின்றுவிடவில்லை. அந்த ஒற்றைச் சுரம் இப்போது லேப்டாப்பிலிருந்தே நேராக வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஓட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். தெருவே எனக்கு முன்னால் ஓட, மாப்பிள்ளை சட்டையும் விபூதியுமாக நான் கூவுகிற பெட்டியோடு பின்னால் ஓடினேன்.

தெருமுனைக் குழாயடியில் அவர் நின்றார். திரும்பி, ஒரு கையை மட்டும் நீட்டினார்.

“தம்பி. கையில இருக்கிறதைக் கீழ வைங்க.”

வைத்தேன். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளிக் கொண்டுவந்து, லேப்டாப்பின் மேல் நிதானமாகப் போட்டார். மூன்றாவது அள்ளலில் சுரம் நின்றது. தாய்மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போனேன். அப்போதுதான் பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்காமல், மணல் ஒட்டிய விரலை நீட்டி, வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

“புகையுற சாமானைக் கையில வச்சுக்கிட்டு ஆளுக பின்னால ஓடி வாரீகளே தம்பி” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று வேன் ஏறினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தரகர் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போய் முருகனுக்குக் கீழே கடைப் பெயர் மாற்ற உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு எனக்கு ஒரு போன் வந்தது.

“எங்க அப்பாவை விரட்டுனது நீங்கதானே?” மாரீஸ்வரியின் குரல்.

“ஆமாங்க.”

“நெசமாவே பியானோ தெரியுமா?”

“மூணு பாடம். அதுவும் முழுசா இல்ல.”

“புகை வந்தப்ப அதை ஏன் கீழ போடல?”

உண்மையைச் சொன்னேன். “உங்க வீட்டு ஆளுக போயிருவாகளோன்னு பயந்துட்டேன். கையில என்ன இருக்குன்னே மறந்துபோச்சு.”



“அப்பா பத்து வருசத்துக்கு முன்னால ஒரு தடவை கம்பெனியில இருந்து இப்படித்தான் ஓடி வந்தாக. கூட வேலை பாத்தவரு வரலை. அதனாலதான் கேக்கேன். இனிமேப்பட்டு எதுன்னாலும் போட்டுட்டு ஓடுவீகளா?”

“ஓடுவேன்.”

“அப்பச் சரி. அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

தை மாதம் கல்யாணம் நடந்தது. லேப்டாப் பிழைக்கவில்லை. பியானோவும் அதோடு போனது. மாமனார் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. மறுவீட்டுக்குப் பழத்தட்டோடு போய் நின்றபோது வாசலிலேயே மறித்து, “கையில இருக்கிறதைக் கீழ வச்சிட்டு வாங்க, மாப்பிள்ளை” என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் எனக்கு வரவேற்பு. இனிப்புப் பெட்டியோ, குடையோ, தலைதீபாவளி வேட்டியோ, எதைக் கொண்டுபோனாலும் அதே வார்த்தை. மைத்துனி பிள்ளைகள்கூட என்னைக் கண்டால் கோரஸாகச் சொல்வார்கள். எனக்கு அலுத்துப்போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, அவர்களுக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஒரே ஒரு தடவை மாற்றிச் சொன்னார். பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து மாரீஸ்வரியை அவர்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பிள்ளையை நான்தான் வைத்திருந்தேன். துணிச் சுருளுக்குள் என் மகள் ஒரே குரலில் விடாமல் கத்திக்கொண்டிருந்தாள். மைத்துனி பிள்ளைகள் வாயைத் திறக்கப் போனார்கள். மாமனார் அவர்களைக் கையமர்த்திவிட்டுப் படியிறங்கி வந்தார்.

“இதை மட்டும் என்ன ஆனாலும் கீழ போட்டுறாதீக, மாப்பிள்ளை” என்றார்.