பத்தில் ஆறு

“நாலு கடை” என்று அட்டையில் எழுதினாள் கலைமகள். நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்க வந்தவள். “பத்து வீட்டுல நாலு. ஆறு ஆச்சுன்னா தெருவே வணிகப் பகுதி. பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வருவேன் சார்.”

நெடுமாறன் தன் மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தான். அவன் வீட்டுக்குக் கிழக்கே, மதிலுக்கு அந்தப்புறம், ஜானகிராமனின் காலிமனை. அதைத் தாண்டி வரும் காலை வெயிலில்தான் அங்கே அவன் மனைவி மேனகா வைத்த கறிவேப்பிலைத் தொட்டி தழைத்தது. மேனகா போய் இரண்டு வருடம். அந்த வீட்டில் வளர்வது அது ஒன்றுதான்.

ஜானகிராமன் வேறு பயமுறுத்தினார். “வணிகப் பகுதின்னு ஆச்சுன்னா இந்தக் கருவடிக்குப்பமே மாறிடும் தம்பி. ஏழு மாடி எழும்பிடும். ஒங்க மாடிக்கு வெயிலே வராது. எதுத்து நில்லுங்க. நான் ஒங்க பக்கம்.”

“விட மாட்டேன்” என்றான் நெடுமாறன். இரண்டு வருடத்தில் அவன் இவ்வளவு உரக்கப் பேசியதில்லை.

முதலில் கன்னியம்மாளின் வாசல் இட்லிக்கடை. “யக்கா, கடைய உள்ள போட்டுக்கோங்க. வெளியில தெரியாது.”

“கூடத்துல வச்சிக்கறேன். வர்றவன் செருப்பக் கழட்டணும், அவ்ளோதான்.”

கூடத்தில் மின்விசிறி இருந்தது. நின்று சாப்பிட்டவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எழுந்திருக்கவே இல்லை. வெளியே காத்திருந்தவர்களுக்கு எதிர்வீட்டு துர்கா டீ போட்டாள். மூன்றாம் நாள் இரண்டு டஜன் கண்ணாடி டம்ளர் வாங்கினாள்.

ஐந்து.

“துர்கா, இது நியாயமா?”

“கும்பலச் சேத்தது நீங்கதானேண்ணே? சக்கர கம்மியா, தூக்கலா?”

அவன் தளரவில்லை. வாசலில் மேசை போட்டு, தெருவாருக்கெல்லாம் ஆட்சேப மனு எழுதினான். முதல் கையெழுத்து ஜானகிராமனுடையது. அசத்தலான பேனா ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்.

படித்த பிள்ளை மணிமணியாக எழுதுகிறது என்று பேச்சுப் பரவியது. பக்கத்துத் தெருவிலிருந்து ரேஷன் கார்டு மனு வந்தது. குருசுக்குப்பத்திலிருந்து படகு மானியம் வந்தது. அம்மாவை இழந்தவர், மாமியாரோடு மல்லுக்கட்டியவர், எல்லோரும் வந்தார்கள். காலைப் பொழுது போகாத தெருக்கோடி வீட்டுப் பெரியவர் அம்மாவாசை தாமாகவே டோக்கன் கொடுத்தார்.

பதினைந்தாம் நாள் கலைமகள் வரிசையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். எழுதினாள்.

“மனு எழுதுமிடம். ஆறு.”

“நான் காசே வாங்கலம்மா!”

“டோக்கன் போட்டுக் கும்பல் நிக்குதே சார். எங்களுக்குக் கும்பல்தான் கணக்கு.”

நெடுமாறன் எழுந்தான். “எழுதிக்கோங்க. உங்க ஆபீஸ் வாசல்ல படுப்பேன். கோர்ட்டுக்குப் போவேன். அந்த மனையில ஒரு செங்கல் ஏறட்டும், அது மேல நான் ஏறி நிக்கிறேன். எப்படி ஏழு மாடி எழும்புதுன்னு பாத்துடறேன்!”

வரிசை கைதட்டியது. ஜானகிராமன் மட்டும் தலையில் கைவைத்து மதிலோரம் உட்கார்ந்திருந்தார்.

“நீங்களே ஒடஞ்சுட்டா எப்படி சார்?” என்றான் நெடுமாறன்.

கலைமகள் அட்டையை மூடிப் பைக்குள் வைத்தாள். “குடியிருப்புப் பகுதியிலதான் சார் ஏழு மாடிக்கு விடுவோம், கடைத்தெருன்னா ரெண்டோட சரி, அந்த மனையில ஃபிளாட் கட்ட இவரு குடுத்திருந்த பிளானத்தான் இப்ப நீங்க காலி பண்ணிட்டீங்க.”