கறுப்புக் கல்லின் அசல் இடம்

தலைவர் அடித்த மூன்றாவது பந்தும் குளத்தில் விழுந்தது. பின்னால் காத்திருந்த பதினாறு பேரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

“எதிர்க்காத்து,” என்றார் தலைவர். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

அந்த கோல்ஃப் கிளப்பில் மேனேஜர் சேர்ந்து இரண்டே மாதம். முதல் குழியிலேயே ஆட்டம் முடங்கிப்போகிறதென்று புகார்கள் குவிந்திருந்தன. “இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்” என்று எச்சரித்தவரும் தலைவர்தான். நெரிசலுக்குக் காரணமே தாம்தான் என்பது மட்டும் அவருக்கு எட்டாத சங்கதி.

குளத்தைத் தாண்டி அடிக்க எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட மூன்று நிறத்தில் கற்கள் உண்டு. வல்லவர்களுக்குத் தூரத்தில் கறுப்பு. சுமாரானவர்களுக்கு நடுவில் வெள்ளை. மற்றவர்களுக்குக் கிட்டத்தில், ஏறக்குறைய தவளைகளின் மடியிலேயே, சிவப்பு. தலைவரின் கைக்குச் சிவப்பே அதிகம். மனசுக்குக் கறுப்பே போதாது.

மேனேஜர் ஒரு பலகை மாட்டினார்: ‘உங்கள் பந்து போகும் தூரத்துக்கேற்ற கல்லைத் தேர்ந்தெடுங்கள்.’

தலைவர் நின்று நிதானமாகப் படித்தார். “பேஷ்! வயசானவங்களுக்கு ரொம்ப உபயோகம்.”

அவ்வளவுதான். அதுவரை சிவப்பில் நின்ற எண்பது வயது டாக்டர்கூட மறுநாள் கறுப்புக்கு மாறிவிட்டார். வரிசை இரண்டு மடங்கானது.

வீட்டில் மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “ஆளை நகர்த்த முடியலைன்னா, கல்லை நகர்த்துங்களேன்.”

விடிவதற்குள் மேனேஜர் மைதானத்தில் இருந்தார். புல் வெட்டுபவரைத் துணைக்கு அழைத்தார். அந்த மனிதர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழகிய கையாகக் கல்லின் ஒரு முனையைத் தூக்கினார். கறுப்பு, கால் எட்டு வைத்து அளந்தபடி, இருபது எட்டு முன்னால் வந்தது. அதற்கு வழிவிட்டு வெள்ளையும் சிவப்பும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டன.

அன்று தலைவரின் பந்து குளத்தைத் தாண்டியது. தலைவர் குதித்த குதியில் தொப்பி கழன்று விழுந்தது. டாக்டரும் தாண்டினார். வரிசை கரைந்தது. மேனேஜர் மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

நாலாம் நாள் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

“மேனேஜர், இந்தக் கறுப்புக் கல் ரொம்பக் கிட்டக்க இருக்கு. என் அடிக்குப் பத்தல.”

மேனேஜர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை பக்கத்து கிளப் தலைவரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கேன். முந்நூறு பேர் பார்க்க வர்றாங்க. கிளப் ஆரம்பிச்சப்போ கல் எங்க இருந்துச்சோ, அதே அசல் இடத்துல வைங்க. ஒரு எட்டு குறைஞ்சாலும் உங்க சீட்டு கிழிஞ்சுது!”

“ஐயா, இப்ப இருக்கிறதே சரியாத்தான…”

“ஏன்? என்னால முடியாதுங்கிறீங்களா?”

ஆமாம் என்றால் வேலை இன்றைக்குப் போகும். இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை போகும். மேனேஜர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு புல் வெட்டுபவரிடம் ஓடினார்.

“அண்ணே, மோசம் போனோம்! கல்லை அசல் இடத்துலயே வைக்கணுமாம். இருபது எட்டு பின்னால தள்ளினா மறுபடியும் குளத்துலதான் போடுவார். முந்நூறு பேர் முன்னால!”

“அசல் இடம்னா சொன்னாரு?”

“ஆமாண்ணே.”

புல் வெட்டுபவர் இயந்திரத்தை நிறுத்தினார். “வாங்க சார்.”

கல் முன்பு இருந்த இடம் வந்தது. அவர் நிற்கவில்லை. மரவரிசை வந்தது. அதற்கும் நிற்கவில்லை. வேலியையும் தாண்டி, தலைவரின் கார் நிற்கும் கொட்டகைக்கு வந்ததும்தான் நின்றார்.

“என்னண்ணே, கல் இருந்த இடத்தைக் கேட்டா காரைக் காட்டுறீங்க?”

“அதுக்கு அடியிலதான் சார் இருந்துச்சு. நீங்க ஆறாவது மேனேஜர். ஆளுக்கு இருபது எட்டு.”