கல்லின் பின்பக்கம்

இரண்டாயிரம் வருஷமாக விழாத சாம்ராஜ்யத்தில் குடியிருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அன்றைக்குப் போட்ட சட்டம் எதுவும் இன்றைக்கும் காலாவதியாகவில்லை. பஸ்ஸில் ஏறினால் முதலில் சக்கரவர்த்திக்கு வாழ்த்து, அப்புறம்தான் டிக்கெட். தேருக்குப் போட்ட சட்டம், பஸ்ஸுக்கும் செல்லும்.

இந்தச் சங்கடமே தன்னைக் காப்பாற்றும் என்று நம்பினார் நம் எழுத்தர். அரண்மனை அலுவலகத்தில் பழைய கல்வெட்டு ஆணைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. காப்பாற்ற வேண்டிய ஆபத்து, மனைவியின் அண்ணன். அரண்மனை வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுகிறவர். ஒரு மாதம் தங்க வருகிறார். தினமும் விடிகாலை நாலரைக்குச் சாதகம். எழுத்தருக்கோ வாழ்க்கையில் இருக்கிற ஒரே சுகம் காலைத் தூக்கம்.

ஒரு காகிதத்தை மனைவியிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாரு."

'எழுத்தன் இல்லத்தில் விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் தங்கலாகாது.'

"எந்தக் காலத்து ஆணைங்க இது?"

"ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆச்சு. இன்னும் அமல்ல இருக்கு. நான் என்ன பண்றது, சொல்லு!" முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார்.

"கல்லுக்குப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கு?"

"அதைப் புரட்ட எட்டு ஆள் வேணும். எங்க ஆபீஸ்ல ஃபைலைப் புரட்டவே ஆள் கிடையாது. முன்பக்கம் மட்டும்தான் காப்பி எடுப்போம், பரம்பரையா."

"சரிங்க" என்றாள் மனைவி. கல்யாணமான பதினேழு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. மனுஷர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நிம்மதியாகத் தூங்கப் போனார்.

இரண்டு நாள் கழித்து மைத்துனர் வந்து இறங்கினார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் எக்காளம், சட்டைப் பையில் ஒரு காகிதம்.

"அண்ணன் குழுவில சரியா எட்டுப் பேருங்க" என்றாள் மனைவி. "வர்ற வழியில உங்க ஆபீஸுக்குப் போய்க் கல்லைப் புரட்டிட்டு வந்திருக்காங்க. உங்க மேலதிகாரியே முத்திரை குத்திக் கொடுத்தாராம்."

எழுத்தர் காகிதத்தைப் பிரித்தார்.

'மனைவியின் உடன்பிறந்தான் விருந்தாளி அல்லன், அவனே இல்லத்துக்கு உரியவன். அவன் தங்கும் நாளெல்லாம் எழுத்தனே விருந்தாளி.'

இரண்டு முறை படித்தார். காகிதத்தின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ... அந்த மூணு நாள் கணக்கு?"

மனைவி அண்ணனின் பெட்டியை எழுத்தரின் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னிக்கு மொத நாள்தானே? கூச்சப்படாம சாப்பிடுங்க."