ஹனோராவின் கல்

"இங்க யாருமே சாகலையாப்பா?" என்று கேட்டாள் நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்த பெண்மணி.

எம்மெட் அசடு வழிந்தான். டாமரக் விடுதியில் கோடைக்காலப் பயிற்சி வழிகாட்டியாகச் சேர்ந்ததிலிருந்து மரப்பட்டை ஒட்டிய சுவர்களையும் கடமான் தலையையும் காட்டிக் காட்டி, வந்தவர்களையெல்லாம் கொட்டாவி விடவைத்ததுதான் அவன் சாதனை. ஒரு காலத்தில் ஒரு கோடீசுவரர் எளிமையாக வாழ்வதற்காக அடிரோண்டாக் காட்டுக்குள் கட்டிய இடம் அது. எளிமைக்குத் தோதாகப் பியானோவும் நாற்பது வேலைக்காரர்களும் கூடவே வந்தார்கள். விருந்தாளிகள் கண்ணில் பட்டுவிடாமல் வேலைக்காரர்களை மரங்களுக்குப் பின்னால் குடிவைத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் யாரும் குறித்து வைக்கவில்லை.

சீசன் முடியும்போது பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவருக்குக் குளிர்காலத்தில் சம்பளத்தோடு வேலை உண்டு. என்ன வேலை என்று நிர்வாகி மிஸஸ் ஹாஸ்கெல் சொன்னதில்லை. பழைய ஆவணங்களை ஆராயும் வேலை என்று எம்மெட்டே முடிவு கட்டியிருந்தான். அது கிடைக்காவிட்டால் யூட்டிகாவில் அப்பாவின் டயர் கடைதான். சரித்திரம் படித்தவன் டயருக்குக் காற்றடிப்பதா என்று நினைத்தாலே அவனுக்கு வயிறு எரிந்தது.

"செத்தாங்களே," என்றான். "ஹனோரான்னு ஒரு வேலைக்காரப் பொண்ணு. விருந்துல கடுகு சாஸ் தீர்ந்துபோச்சு. புயல்ல ஏரியில படகை எடுத்துக்கிட்டு வாங்கப் போனா. உடம்புதான் கரை ஒதுங்குச்சு."

"அடப் பாவமே. எங்க புதைச்சாங்க?"

இதை அவன் யோசிக்கவில்லை. படகுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பாறாங்கல்லைக் கைகாட்டினான்.

அடுத்த வாரம் கல்லின் மேல் பூக்கள் இருந்தன. கூடவே கடுகு சாஸ் பாட்டில்கள். வாசனை பிடித்து ஒரு கரடி வந்து அத்தனையையும் நக்கிவிட்டுப் போனது. ஹனோராவே வந்துவிட்டாள் என்று பாஸ்டன்காரர் ஒருவர் கண்கலங்கினார். படித்த மனிதர், பல் டாக்டர்.

மிஸஸ் ஹாஸ்கெல் கூப்பிட்டு அனுப்பினாள்.

"இந்த ஹனோரா கதைய எங்க புடிச்ச?"

"ஒரு பழைய கடிதத்துல மேடம்."

"கடிதம் எங்க?"

"எலி கடிச்சிருச்சு மேடம்."

"நல்ல எலி," என்றாள். மறுநாளே கல்லுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை முளைத்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் கறுப்பு உடையில் ரோவீனா என்ற இளம்பெண் வந்து இறங்கினாள். கல்லைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"எங்க கொள்ளுப்பாட்டியோட தங்கச்சி. எங்க குடும்பமே இவளத் தேடாத எடமில்ல."

எம்மெட்டுக்குத் தலை சுற்றியது. இல்லாதவளுக்கு எப்படி உறவு முளைக்கும்? போதாக்குறைக்கு, எலும்புகளைத் தோண்டி எடுத்து ஆல்பனியில் குடும்பக் கல்லறையில் வைக்கப்போவதாகவும் ரோவீனா அறிவித்தாள். சனிக்கிழமை பாதிரியார் வருகிறார் என்ற செய்தி பரவியதும் விடுதி அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. தோண்டினால் மண்ணும் மண்புழுவும்தான் வரும். அப்புறம் டயர் கடை.

அவளைத் தனியாகப் பிடித்தான்.

"உங்ககிட்ட ஒரு உண்மைய சொல்லணும். ஹனோரான்னு யாருமே இல்லங்க. நான் கட்டிவிட்ட கதை."

ரோவீனா மூக்கைச் சிந்திக்கொண்டு அவன் தோளைத் தட்டினாள். "பாவம், துக்கம் உங்களையும் ரொம்பத்தான் ஆட்டுது."

இது முற்றிய கேஸ் என்று எம்மெட் கைகழுவினான்.

சனிக்கிழமை கல்லைச் சுற்றி ஒரே கூட்டம். ஓங்கிய மண்வெட்டி இறங்கப்போகும் நேரத்தில் ரோவீனா கல்லின் மேல் விழுந்தாள். "வேண்டாம். அவ இங்கயே தூங்கட்டும்."

கூட்டம் மூக்கை உறிஞ்சியது. தப்பித்தோம் என்ற நிம்மதியில் எம்மெட்டும் ஓவென்று அழுதுவிட்டான். அப்படி ஓர் அழுகையை அவனே எதிர்பார்க்கவில்லை. மிஸஸ் ஹாஸ்கெல் கல்லைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிர்கால வேலை உனக்குத்தான்," என்றாள் சாயங்காலம். "அழுகை நல்லா வருது."

சமையலறையில் வில்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பல வருஷமாக அங்கே சமைப்பவள். எம்மெட் அவள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தினான்.

"அக்கா, வேலை எனக்குத்தான். என் அறிவுக்குக் கெடைச்ச மரியாதை. அந்த ரோவீனா லூசு மட்டும் தோண்டியிருந்தா என் பொழப்பு நாறியிருக்கும்."

வில்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போன வருஷம் அந்தக் குளிர்கால வேலை ரோவீனாவுக்குத்தான் கெடைச்சுது. அடுத்த கோடையில நீ யாரோட பேரனா வரணும்னு மேடம் இன்னும் முடிவு பண்ணல."